கல்லு டப்பாவைத் திறந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாயிக்கு முட்டி வலி, அது எப்பவும் உள்ளதுதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

செவ்வாக்கிழமை ராத்திரி ஒன்னேமுக்காலுக்கு நீ அனுப்பினதைக் காலையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துதான் பார்த்தேன். "அப்பா, என் கல்லு டப்பா இருக்கா?" நாலு மாசத்துக்கு அப்புறம் அந்த ஒரு வரிதான். இருக்கும்மான்னு பதிலுக்குத் தட்டி விட்டிருக்கலாம். மனசு ஒப்பல. அதான் பேப்பரை எடுத்துட்டேன்.

டப்பா இருக்கு. பரண்ல, உங்கம்மாவோட பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி. மூடி துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு, கரண்டிக் காம்பை வச்சு நெம்பினேன். நீ ஒட்டின சீட்டையெல்லாம் பூச்சி தின்னுடுச்சு. சரி, எது எதுன்னு பார்த்து நானே புதுசா எழுதி ஒட்டுவோம்னு திண்ணையில உட்கார்ந்துட்டேன். எந்தக் கல்லு எதுன்னு சோதிக்க, காலேஜ் லீவுல நீ எனக்கு எடுத்த பாடம் வீண் போகல. நகம், அப்பாயியோட ஓட்டைக் காலணா, உடைஞ்ச பாட்டில் துண்டு, பாத்ரூம் ஆசிட்டுல தண்ணி கலந்து ரெண்டு சொட்டு. அவ்வளவுதான் லேபு.

முதல்ல கையில வந்தது அந்தக் கண்ணாடிப் பட்டை. நகத்தால கீறினேன், கோடு விழுந்துச்சு. ஆசிட் விட்டா சும்மா கிடந்துச்சு. ஜிப்சம். காரை ஊர் ஓடைக்குள்ள சாயங்கால வெயில்ல, யாரோ கண்ணாடியை நொறுக்கிக் கொட்டின மாதிரி மினுக்குமே, அது. இதைக் காக்காப்பொன்னுன்னு சொல்லித் தம்பிகிட்ட ஒரு ரூபாய்க்கு வித்தவ நீ. அப்புறம் பெரிய படிப்பு படிச்சிட்டு வந்து நீயே சொன்ன, காக்காப்பொன் ஏடு வளைச்சா திரும்ப நிமிரும், ஜிப்சம் ஏடு வளைஞ்சா வளைஞ்சதுதான்னு. தம்பிக்கு அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தியா? கொடுத்திருக்க மாட்ட.

இங்க முன்னொரு காலத்துல இருந்த கடல் வத்திப் படிஞ்ச உப்புன்னுதான் நான் நினைச்சிட்டு இருந்தேன். இல்லப்பா, இது களிமண் வெடிப்புக்குள்ள பிற்பாடு வந்து ஏறினதுன்னு ஜிப்சக் கோடு மண் அடுக்குக்குக் குறுக்கால ஓடுறதைக் காட்டின. மண்ணுல இருக்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லு தண்ணி பட்டுத் துருப்பிடிச்சா அமிலம் ஊறும், அந்த அமிலம் சிப்பியோட சுண்ணாம்பைக் கரைச்சா ஜிப்சம் விளையும்னும் சொன்ன. அப்ப, மினுக்குறது நிறைய இருக்கிற இடத்துல சிப்பி அழிஞ்சிருக்கலாம்னு அர்த்தமான்னு கேட்டேன். "நீங்க காலேஜ் போயிருக்கணும்ப்பா"ன்ன. அதை நான் இன்னும் மறக்கல. மாப்பிள்ளைகிட்டகூட ஒரு தடவை சொன்னேன், அவர் போன் பார்த்துட்டு இருந்தார்.

அடுத்தது துப்பாக்கிக் குண்டு மாதிரி இருக்கிற கல்லு, ஆறு கிடக்கு. பெலம்நைட். நகத்துக்கு மசியல, காலணாவுக்கு லேசாக் கோடு விழுந்துச்சு, ஆசிட்டுக்குப் புஸ்ஸுன்னு நுரை தள்ளுச்சு. கால்சைட், சுண்ணாம்புச் சாதிதான். உடைஞ்ச முனையைப் பார்த்தா வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவுலேர்ந்து கோடு போகுது. கணவாய் மீன் மாதிரி ஒரு உசுருக்குள்ள இருந்த ஓடு, ஏறக்குறைய 10 கோடி வருஷம்னு நீ சொன்னப்ப அப்பாயி கையெடுத்துக் கும்பிட்டுச்சு.

கல்மரத் துண்டு இருக்கு. பாட்டில்ல அழுத்தி இழுத்தேன், பாட்டில்தான் கீறிக்கிச்சு. ஆசிட்டுக்கும் அசையல. மரம் போன இடத்துல மணல்ல இருக்கிற சிலிக்கா ஏறி வெங்கச்சங்கல்லாவே ஆயிருக்கு, ஆனா ரேகை அப்படியே தெரியுது. பெரிய கல்மரம் கிடக்கிற சாத்தனூருக்கு உன்னை சைக்கிள்ல கூட்டிட்டுப் போனது ஞாபகம் இருக்கா? 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன்ங்கிற புவியியல் அறிஞர் கண்டுபிடிச்சார்னு பலகையைச் சத்தம் போட்டுப் படிச்ச. மரம் 18 மீட்டர் நீளம்னா எவ்வளவுன்னு கேட்டேன். கம்பி வேலிக்கு வெளியில தரையில படுத்து, எந்திரிச்சு, மறுபடி படுத்து, வேர்லேர்ந்து நுனி வரைக்கும் அளந்த. பதினாலு பாப்பா வந்துச்சு. பாவாடையெல்லாம் மண்ணு, உங்கம்மா என்னைத்தான் திட்டினா.

கனத்த சிப்பி நான் மைன்ஸ்லேர்ந்து கொண்டாந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுல அது மூட்டை மூட்டையா கிடக்கும். முப்பது வருஷம் டிரில் போட்டு, வெடி வச்சு, எல்லாத்தையும் கிரஷருக்கு அனுப்பினவன் நான். ஒரு கடலையே சிமெண்டாக்கிட்டீங்கப்பான்னு நீ சிரிச்ச. உன் ஃபீசும் அதுலதான் வந்துச்சு.

வெறும் கருங்கல் துண்டும் ரெண்டு கிடக்கு, தம்பி போட்டதா இருக்கும். அதுல ஆசிட் விடவே இல்ல. "சுட்ட சட்டியில விதை முளைக்குமா? சூட்டுல உருகி வந்த கல்லுல பழைய உசுரோட தடத்தைத் தேடாதீங்க"ன்னு நீ சொன்னதை ஊர்ல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன். 2020-ல குன்னத்துல குளம் தோண்டினப்ப டைனோசர் முட்டைன்னு ஊரே ஓடுச்சே, அப்பகூட, உருண்டையா இருந்தா முட்டையாயிடுமா, ஓடு இருக்கான்னு பாருங்கடான்னேன். கடைசியில அமோனைட்னுதான் சொன்னாங்க, சுருள் ஓட்டுக் கடல் பிராணி கல்லானது. உடனே உனக்குப் போன் பண்ணினேன். மீட்டிங்ல இருக்கேன்னு வச்சுட்ட. இவ்வளவு படிச்சவ, தங்க மெடல் வாங்கினவ, கல்லை விட்டுட்டு ஏன் கம்ப்யூட்டருக்குப் போனன்னு நான் கேட்டதே இல்ல. இப்பவும் கேட்கல. ஒரு நாள் பகல் பதினோரு மணிக்குப் போன் பண்ணினா மாப்பிள்ளை எடுத்து "தூங்குறா"ங்கிறார். மறுநாளும் தூங்குற. உடம்புக்கு என்னமோ ஏதோன்னு உங்கம்மா சாப்பிடாம உட்கார்ந்திருக்கா. நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் டீயைக் குடிச்சிட்டு இருக்காத.

எல்லாத்தையும் எண்ணிட்டேன். ஒன்னு இல்ல. நீ அதைத்தான் கேட்கிறியோன்னு எனக்கு அன்னைக்கே பட்டுச்சு.

அந்தப் பெரிய அமோனைட் சுருள். சாப்பாட்டுத் தட்டு அகலம், விளிம்புல வரப்பு வரப்பா. மழைக்கு மறுநாள் ஓடைக் கரையில நீ பார்த்து, நான் துண்டுல கட்டி சைக்கிள் கேரியர்ல வச்சுத் தள்ளிட்டு வந்தேன். கண்டகி ஆத்து சாளக்கிராமமும் இந்தச் சாதிதான்னு பின்னாடி நீ சொன்ன. அப்பாயி அன்னைக்கே பெருமாள்னு மஞ்சள் தடவிடுச்சு.

அதை யாரும் எடுக்கல பாப்பா. நான்தான். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டப்ப கல்லு அரை லோடு குறைஞ்சுபோச்சு. கடன் சொல்லி வாங்கின கல்லு, மறுபடி போய்க் கேட்க வாயில்ல. கொத்தனார் கையைக் கட்டிட்டு நின்னார், கூலி ஏறுது. ஈசானி மூலையில ஒரு கல்லு பத்தலன்னார். கொல்லையில கிடந்ததைத் தூக்கிக் கொடுத்துட்டேன். சாந்தைப் போட்டு மூடினார். சாயங்காலம் நீ ஸ்கூல் விட்டு வந்து தேடினப்ப, "தெரியலையேம்மா"ன்னேன்.

எதுத்த வீட்டுப் பையன் எடுத்துட்டான்னு நீ அழுதுட்டுப் போய்ச் சொன்ன. அவங்கப்பா புளிய விளாரை உடைச்சுட்டு வந்தார். நான் இதே திண்ணையில உட்கார்ந்துதான் பார்த்தேன். எந்திரிச்சுப் போய் ஒரு வார்த்தை சொல்ல எத்தனை எட்டு? பத்து எட்டு இருக்குமா? எந்திரிக்கல. கல்லுக்காகக்கூட இல்ல, காசில்லாம அந்தக் கல்லை எடுத்தேன்னு உனக்குத் தெரிய வேணாம்னுதான்.

அவன் இப்ப டிப்பர் ஓட்டுறான். என்னைக் கண்டா வண்டியை நிறுத்தி "மாமா, ஏறுங்க"ம்பான். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டையை அடைக்கும். உன் மெசேஜ் வந்த மறுநாள் அவன் வண்டியில ஏறி, வாரணவாசி தாண்டினதும் சொல்லிட்டேன். அவன் ரோட்டைப் பார்த்தபடியே, "தெரியும் மாமா. கொத்தனார் வைக்கிறப்ப பார்த்துட்டுதான் நின்னேன்"னான். ஏன்டா அன்னைக்கு வாயைத் திறக்கலன்னேன். "உங்களை விட்டுட்டு என்னை யார் நம்புவா?"ன்னான். கியரை மாத்தினான். மேற்கொண்டு பேசல.

நீ ராத்திரி ஒன்னேமுக்காலுக்கு ஏன் முழிச்சிருந்தன்னு நான் கேட்கல. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கான்னும் தெரியல.

ஈசானி மூலையில குளியலறைப் பக்கம் சின்னதா ஒரு விரிசல் விட்டிருக்கு. ரெண்டு வரிசை பிரிச்சா கல்லை எடுத்துடலாம்னு இப்ப உள்ள கொத்தனார் சொல்றார். நீ வந்து பார்த்துட்டுச் சொல்லு, எடுப்போம். டப்பாவைக் கூரியர்ல போட மாட்டேன். துப்பாக்கிக் குண்டு உருண்டு ஜிப்சத்தைப் பொடியாக்கிடும், அதைத் தனியா என் பழைய வேட்டித் துணியில சுத்தி வச்சிருக்கேன்.

மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. ஃபேன் புதுசு மாட்டியாச்சு. எப்ப வேணும்னாலும் வா, சாப்பிட்டுட்டுக் கிளம்பு. மாவுக்கு ஊறப் போடணுங்கிறா உங்கம்மா, வர்றது ஒரு ஆளா ரெண்டு ஆளான்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு.

இப்படிக்கு,
அப்பா