கிரேக்கத்தை ஆங்கிலத்தின் வழியாகத்தான் படிக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்க நாட்டுக்குச் செல்வோருக்காகத் தங்கள் பயணப் பக்கத்தில் வெளிவந்த சொற்பட்டியலை ஆர்வத்துடன் படித்தேன். அதைத் தமிழில் தர முன்வந்தமைக்கு நன்றி. ஆனால், அச்சொற்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்டவை என்பது ‘எஃப்காரிஸ்டோ’ என்ற முதற்சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. நன்றி சொல்லும் அந்தச் சொல்லில் இருப்பது ‘ட’ அன்று, நாநுனி பல்லைத் தொடும் நம் ‘த’. ‘எஃப்ஹரிஸ்தோ’ என்று அச்சிட்டிருந்தால் படிப்பவர் முதல் முறையிலேயே ஏறக்குறையச் சரியாகச் சொல்லியிருப்பார்.

கிரேக்க ஒலிப்பில் பலரைத் தடுமாறச் செய்யும் இடங்கள் சில தமிழருக்குப் பிறவியிலேயே வாய்த்தவை. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் குழைந்து ஒலிப்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; ‘பந்து’, ‘பாம்பு’, ‘சங்கு’ என்று நாள்தோறும் சொல்கிறோம். ஐந்தைக் குறிக்கும் ‘பேந்தெ’ என்ற கிரேக்கச் சொல்லிலும் அதுவே நடக்கிறது. ‘அது’ என்னும்போது வரும் மென்மையான தகரம், இரண்டைக் குறிக்கும் ‘தீயொ’வின் முதல் ஒலிக்கு மிக நெருக்கமானது. எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்து வைத்திருக்கும் நாம், அவை இல்லாத ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பட்டியலின் பெருங்குறை, சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காட்டாததுதான். பிரேயஸ் துறைமுகத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் பெண்மணியிடம், கப்பல் எப்போது புறப்படும் என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு ‘பொத்தே’ என்றேன். அவர் திகைத்துப் பார்த்துவிட்டு, மேசையை விரலால் ஒருமுறை தட்டி, ‘போத்தெ’ என்று முதலசையை நீட்டிச் சொல்லிக் காட்டினார். ‘போத்தெ’ என்றால் எப்போது. ‘பொத்தே’ என்றால் ஒருபோதும் இல்லை. கிரேக்கத்தில் அழுத்தம் பெறும் உயிர் சற்று நீண்டே ஒலிப்பதால், நம் நெடிலைக் கொண்டே அதைக் காட்டிவிட முடியும். காலை வணக்கத்துக்குக் ‘கலிமேர’ என்றும், ‘தயவுசெய்து’ என்பதற்கும் நன்றிக்கு மறுமொழியாகவும் வழங்கும் சொல்லைப் ‘பரக்கலோ’ என்றும் எழுதினால் போதும். இதில் ககரத்தை இரட்டிக்காமல் விட்டால் ‘பகல்’ என்பதில் போல அது மெலிந்துவிடும்.

ஆம் என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘நே’, பிற மொழிக்காரர் காதில் மறுப்பாக விழும். இல்லை என்பது ‘ஓஹி’. வணக்கம் சொல்ல, முன்பின் தெரியாதவரிடமும் பெரியவரிடமும் ‘யா சஸ்’, நெருங்கியவர் ஒருவரிடம் ‘யா சு’ என்ற வேறுபாடு, நீ, நீங்கள் என்று பழகிய நமக்கு ஒரு வரியில் விளங்கிவிடும். அந்த ஒரு வரிகூடப் பட்டியலில் இல்லை.

எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. மொத்தம் 24 தான். தண்ணீர்ப் புட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதை ஆங்கிலமாக நினைத்து ‘நெபோ’ என்று படிப்போர் உண்டு. ஆங்கிலப் ‘பி’ போலத் தோன்றும் அந்த எழுத்து அங்கே ரகரம், சொல் ‘நெரோ’. (நம் ‘நீர்’ என்பதோடு இதை உறவுபடுத்திப் பேசுவோர் உண்டு. ஆனால் அது ‘புதிய நீர்’ என்னும் பழைய கிரேக்கத் தொடரில், ‘புதிய’ என்ற சொல் மட்டும் எஞ்சி வந்தது.)

அடுத்த முறை இத்தகைய பட்டியலை வெளியிடும்போது கிரேக்க எழுத்து, தமிழ் ஒலிப்பு, பொருள் ஆகிய மூன்றையும் அருகருகே தருமாறு வேண்டுகிறேன். தாங்கள் வெளியிட்ட சொற்களை அம்முறையில் திருத்தி எழுதி இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் படித்துக்காட்டிச் சரிபார்த்த பின் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்