ஒலி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சத்தம் சரியில்லை என்று மேடையிலிருந்தே பாடகர் உன்னைக் கடிந்துகொண்டதாக அம்மா சொன்னாள். ஆயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்களாம், ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாயாம். சென்னை சபாக்களில் மைக்செட்காரனாகவே தலை நரைத்தவன் நான். அந்தத் திரும்பிப் பார்த்தல் எனக்குப் புதிதில்லை. டிசம்பர் சீசனில் வித்வான் ஒற்றை விரலை மேலே தூக்கினாலே போதும், முன்வரிசை மாமாக்கள் எல்லாருக்கும் கழுத்து என் பக்கம் திரும்பும்.

அதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. பாடுகிறவர், மேடையில் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் ஸ்பீக்கரில், அதுதான் மானிட்டர், தன் குரலைக் கூட்டச் சொல்வார். உடனே வயலின்காரர் தனக்கும் கூட்டச் சொல்வார், அப்புறம் மிருதங்கக்காரர். எல்லாருக்கும் கூட்டிக்கொண்டே போனால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய் அரங்கமே ஊளையிடும். ஒருவர் கூட்டச் சொன்னால், அவர் ஸ்பீக்கரில் மற்றவர்களைக் கொஞ்சம் குறைத்துப் பார். பாதி நேரம் "இப்ப சரியா இருக்கு" என்பார்கள். மத்தியானம் காலி அரங்கில் சரிபார்த்த சத்தம் சாயங்காலம் மாறிவிடுவதும் உன் குற்றமில்லை. ஆட்களும் அவர்கள் துணிமணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், முக்கியமாக மேல் ஸ்தாயியை. முதல் உருப்படி முழுக்க அதைத் திருத்துவதற்குத்தான். ரசிகர்களுக்கு அது வர்ணம், நமக்கு வேலை.

நீ இருக்கும் சிங்கப்பூரில் வசதி அதிகம். எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் மேடைக்கு மேலிருக்கும் விதானத்தை ஏற்றி இறக்கியும், சுற்றியுள்ள எதிரொலி அறைகளின் கதவுகளைத் திறந்து மூடியும் முழக்கத்தை மாற்றலாம் என்று படித்தேன். எனக்கு மின்விசிறி இரைச்சலை அடக்குவதற்குள்ளேயே பல்லவி முடிந்துவிடும்!

மின்சார விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதே. ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால், எர்த் பின்னை எடுத்துவிடு, நின்றுவிடும் என்பார்கள். நிற்கத்தான் செய்யும். ஆனால் ஏதாவது கசிந்தால் மைக்கைப் பிடித்திருப்பவர் வழியாகத்தான் போகும். வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், கரண்ட் எர்த்தைத் தொடாமல் ஒலி ஒயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டு. இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடு. அதற்கு நேரமாகிறது என்று யாராவது கத்தினால் கத்தட்டும்.

காதைப் பார்த்துக்கொள். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கர்நாடகக் கச்சேரியில் அவ்வளவு பயமில்லை. எனக்கு இடது காதில் ஓயாமல் வண்டு ரீங்காரம் கேட்பது கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளின் உபயம். நீ செய்கிற ராக் நிகழ்ச்சிகளுக்கு, இசைக்காரர்கள் போடுகிற காதடைப்பான் வாங்கிக்கொள். பஞ்சு ஆகாது, அது மேல் ஸ்தாயியை மட்டும் மழுக்கிவிடும்.

இவ்வளவு இருந்தும் ஏன் விடவில்லை என்று கேட்பாய். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போகும். நான் போக முடியாது, போகவும் மாட்டேன். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசி, முடிவில் கோர்வை என்கிற தாளக் கணக்குக்கு வந்து சேரும்போது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலிருந்து வரும் கும்கி என்கிற கனத்த நாதம் ஒவ்வொன்றும் கடைசி வரிசைவரை தெளிவாகப் போகிறதே, அதில் என் விரலுக்கும் பங்கு உண்டு. டிக்கெட் வாங்கி வந்தவர் அப்போது போண்டா தின்றுகொண்டிருப்பார்.

பெருமையால் சோறு வேகாது, அதுவும் உண்மை. 2020இல் அரங்குகளை மூடியபோது முதலில் வருமானம் போனது நம்மைப் போன்ற தினக்கூலிக்காரர்களுக்குத்தான். நல்ல நாளிலும் சீசன் பணம் பொங்கலுக்கு அப்புறம்தான் கைக்கு வரும், சில இடத்தில் கேட்டுக் கேட்டு. ஒரு அமைப்பாளர் நிகழ்ச்சி முடிந்து நாங்கள் ஒயர் சுருட்டுவதற்குள் காரில் ஏறிப் போயேவிட்டார். அதற்குப் பிறகு பாதி முன்பணம் வாங்காமல் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியதில்லை.

அந்தப் பாடகரிடம் மறுபடி வேலை வந்தால் போ. முன்கூட்டியே போய், மானிட்டரில் என்னென்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள். போன மாத நிகழ்ச்சிக்குப் பணம் வரவில்லை என்றாயே, வந்ததா? வராவிட்டால் இன்றைக்கே எழுத்தில் கேள், போனில் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா