ஒன்பதாம் கிளாஸ் சயின்ஸ் ஆன்சர் கீ பத்தி பிரின்சிபல் மேடத்துக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பிரின்சிபல் மேடம், வணக்கம்.

போன பேரன்ட்ஸ் மீட்டிங்ல என் பொண்ணோட சயின்ஸ் பேப்பரைப் பத்தி நடந்த பேச்சு உங்களுக்கே தெரியும், நீங்களும் அங்கதான் இருந்தீங்க, அதனால மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கல. அந்த ஆன்சர் கீயைத் திருத்துங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

சோடியம் அயனி, அதாவது மின்னூட்டம் இருக்குற சோடியம் அணு, எப்படி உருவாகுதுங்குற கேள்விக்கு என் பொண்ணு எழுதினது இதுதான்: சோடியத்துல 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், 2, 8, 1னு கூடுகள்ல இருக்கு, வெளிக்கூட்டுல இருக்குற அந்த ஒத்த எலக்ட்ரான் போயிட்டா மிச்சம் 10தான், புரோட்டான் அதே 11, புரோட்டான் பிளஸ், எலக்ட்ரான் மைனஸ்ங்குறதால மொத்தத்துல ஒரு பிளஸ். இதுக்கு சிவப்பு இங்க்ல பெருசா ஒரு இன்டு மார்க். ஏன்னா கீயில "சோடியம் ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின் அயனி ஆகிறது"ன்னு இருக்காம்.

மேடம், சோடியத்துக்கு இன்னொரு புரோட்டான் சேந்தா அது 12, அதுக்குப் பேரு மெக்னீசியம். தனிமமே மாறிடும். அணுக்கருவுல கை வைக்குற வேலைக்கெல்லாம் கல்பாக்கம் பக்கம் போகணும், சோடியமும் குளோரினும் சேந்த சமையல்கட்டு உப்பு டப்பாவுல நடக்காது. இதுல கூத்து என்னன்னா அதே கீயில அடுத்த வரியில குளோரின் ஒரு எலக்ட்ரானை வாங்கி மைனஸ் ஆகுதுன்னு கரெக்டா போட்டிருக்கு, 2, 8, 7ல இருந்து 2, 8, 8. சோடியம் எதையும் விடலன்னா குளோரினுக்கு அந்த எலக்ட்ரானை யாரு குடுத்தாங்களாம்?

மிஸ்கிட்ட கேட்டா "கீயில இருக்குறதுதான் சார் ஃபைனல்"னு சொல்லிட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, கீ அவங்க போட்டதான்னு கூட தெரியல. ஆனா அன்னிக்கு ராத்திரி பொண்ணு நோட்டுல சரியா எழுதி வச்சிருந்ததை ரப்பர் போட்டு அழிச்சுட்டு புரோட்டான்னு எழுதிட்டு இருந்தா, ஏம்மான்னு கேட்டா "ஆனுவல்லயும் இதே கேள்வி வரும்பா, மார்க் போயிடும்"ங்குறா. தப்புன்னு தெரிஞ்சே எழுதப் பழகுறா மேடம், அதுக்கும் சேத்துதான் நாங்க ஃபீஸ் கட்டுறோம் போல.

ஃபீஸ்னதும் ஞாபகம் வருது, லேப் ஃபீஸ்னு வருஷா வருஷம் வாங்குறீங்க, அந்த லேப் கதவு எப்ப திறந்துச்சுன்னு வாட்ச்மேனுக்காவது தெரியுமா? ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி, ரெண்டு பென்சில் கரி, கொஞ்சம் வயர் போதும். வயர் முனையில கரியை மாட்டி காஞ்ச உப்புல வச்சா லைட் எரியாது, ஏன்னா அயனி எல்லாம் படிகத்துல இருந்த இடத்துலயே பூட்டிக் கெடக்கு, அதே உப்பைத் தண்ணியில கரைச்சுட்டு வச்சா அயனி நகரும், லைட் எரியும். அஞ்சு நிமிஷத்துல புள்ளைங்க பாத்துடும். நீங்க என்னடான்னா ஸ்மார்ட் போர்டுக்கு தனி பில் போடுறீங்க.

சரி, எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. என் பொண்ணோட பேப்பரை மட்டும் திருத்தினா பத்தாது மேடம், எல்லா செக்‌ஷன்லயும் சரியா எழுதின புள்ளைங்க பேப்பரைத் திரும்ப பாத்து, கீயைத் திருத்தி, தப்பு கீயிலதான்னு கிளாஸ்ல ஒரு தடவை சொல்லிடுங்க. ஆனுவல் எக்ஸாமுக்கு முன்னாடி செஞ்சா ரொம்ப நன்றியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் கிளாஸ் மாணவியோட அப்பா,
பெரம்பூர், சென்னை