செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: நம் ஏரிக் கெளுத்தி

தலைவர் அவர்களுக்கும் மீன் வளர்ப்போர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி வரிக் கெளுத்திக்கே போனதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தென் அமெரிக்கக் கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தியைச் சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் கடை கடையாகத் தேடுகிறோம். மிஸ்டஸ் விட்டாட்டஸ் என்கிற வரிக் கெளுத்தியோ நம் ஊர்த் தண்ணீரில் பிறந்தது. 1794-இல் ஜெர்மன் மீன் ஆய்வாளர் பிளாக் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையிலிருந்தது தரங்கம்பாடி மீன். பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். நான்கு ஜோடி மீசை, தோளில் ஒரு கரும்புள்ளி, உடம்பு நீள வரிகள். தொட்டால் தேனீ போல ரீங்கரிக்கும் என்று சென்னை ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

சங்கத் தொட்டியில் பகலெல்லாம் கட்டைக்கு அடியில்தான் கிடக்கும். விளக்கை அணைத்ததும் மீசையால் மணலைத் தடவிக்கொண்டு கிளம்பும். புதியவர்கள் கவனிக்க: வலை போடாதீர்கள். முதுகு முள்ளும் பக்க முள்ளும் விறைத்து நூலில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் மீனுக்குக் காயம், குத்தினால் உங்கள் விரலுக்குக் கடுப்பு. டப்பாவில் முகந்து எடுங்கள்.

இதன் வீடு ஏரியின் நடு ஆழம் அல்ல. கரையோரச் சேறும் வேலம்பாசியும் கோரையும்தான். பூச்சிப் புழு, குட்டி இறால் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். மழைக்காலத்தில் பொரிக்கும் குஞ்சுகள் ஒளிவதும் அந்தப் புல்லில்தான். அதை வழித்தெடுத்துக் கரையைச் செங்குத்தாகக் கட்டிவிட்டால், தண்ணீர் எவ்வளவு தெளிந்து நின்றாலும் கெளுத்திக்கு அங்கே வாழ்வில்லை. நம் பகுதி ஏரியில் தூர்வாரும் வேலை வந்தபோது, ஆகாயத்தாமரையை எடுங்கள், கோரையை விடுங்கள் என்று மனு கொடுத்தோம். ஒரு பக்கக் கரையை மட்டும் விட்டுவைத்தார்கள். எனக்கு அது போதாது. மறுபடியும் கேட்க வேண்டும்.

அப்புறம், தொட்டிப் பாசியைத் தின்ன வாங்கும் டேங்க் கிளீனர் என்ற வெளிநாட்டுக் கெளுத்தி பெரிதாகிவிட்டது என்று யாரும் ஏரியில் விடாதீர்கள். அது கரையைக் குடைந்து முட்டையிடும், நம் மீனின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வைத்துக்கொள்ள முடியாதவர்கள் சங்கத்திடம் கொடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நாட்டிலேயே தடை; குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலும் வாங்க வேண்டாம்.

அடுத்த பருவமழைக்குள் மீதிக் கரைக்கும் மனு கொடுக்கச் செயற்குழுவுக்கு அனுமதி தந்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்