கணக்கு நோட்டும் காலண்டரும்

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மூன்று வாரமாக நீ பேசாததைக் குறையாகச் சொல்ல இதை எழுதவில்லை; படப்பிடிப்பு இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கடைசியாக வீடியோவில் பேசியபோது இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாய். அதைப் பற்றியும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மேனேஜர் உனக்கு ஒப்பந்தம் அனுப்பியிருப்பதாகவும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்பதாகவும் தம்பி சொன்னான். முழுவதையும் படி. படித்த பிறகு ஓர் இரவு கையில் வைத்திரு. எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே. அவர் வாங்கித் தரும் வாய்ப்புகளுக்கு மட்டும்தான் பங்கா, நீயாக ஆடிஷனுக்குப் போய் வாங்குவதற்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டுக்கு, பிரிந்த பிறகும் அது தொடருமா என்றெல்லாம் பார். பணம் உன் வங்கிக் கணக்கில் விழுந்து, அங்கிருந்துதான் அவருக்குப் போக வேண்டும். அவர் கணக்கில் விழுந்து உனக்கு வருவதாக எழுதியிருந்தால் வேண்டாம், மகளே.

படம் வந்த அன்று முதல் காட்சிக்கே நானும் அம்மாவும் போயிருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறாயே, அந்த இடத்தில் முப்பது வருடம் நாடக மேடையில் ராஜபார்ட் வேடம் கட்டிய எனக்கு வராத ஒன்று உனக்கு வந்திருந்தது. டைட்டிலில் உன் பெயரைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயர் பெருமைக்கு மட்டும் உரியதன்று. போகிற போக்கில் வந்து போகும் வேடத்தில் நடித்து, டைட்டிலில் எங்குமே பெயர் வராதவருக்குப் பதிப்புரிமைச் சட்டம் நடிகருக்குரிய பெரும்பாலான உரிமைகளைத் தருவதில்லை. பெயர் உள்ளவருக்கும், எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்திக்கொள்வதைத் தடுக்க வழியில்லை. நடிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தும்போது ராயல்டி உண்டு என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறதென்றாலும், அதைக் கேட்டுப் பெறுவது நம் பாடு. ஆகவேதான் படி, படி என்கிறேன்.

அப்படி நடித்தவள், சம்பளப் பாக்கியைக் கேட்காமல் டப்பிங் பேசி முடித்துக் கொடுத்தது ஏன்? டப்பிங் தியேட்டருக்குள் போகும் முன்புதான் பாக்கியைக் கேட்க முடியும், பேசிக் கொடுத்துவிட்டால் நம் கையில் பிடி ஒன்றும் இல்லை என்பது சினிமாக்காரர்கள் நிறைந்த சாலிகிராமத்தில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும்போது உனக்குத் தெரியாமல் இருக்காது. கேட்க உனக்கு நாக்கு எழவில்லை.

வந்த பணத்துக்காவது கணக்கு எழுதுகிறாயா? தேதி, கம்பெனி, எத்தனை நாள் கால்ஷீட், பேசிய தொகை, அட்வான்ஸ், பேட்டா, பாக்கி எல்லாவற்றையும் நோட்டில் அன்றன்றே எழுதிவிடு. செக்கில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்திருந்தால், அது உன் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார். பிடித்த பணத்தைச் சிலர் கட்டாமலே விட்டுவிடுவதும் உண்டு. வருமானம் குறைவுதானே என்று ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருந்தால் அந்தப் பணம் திரும்பாது. மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் வசதி திரைக் கலைஞர்களுக்கும் உண்டு என்கிறார்கள், ஆடிட்டரிடம் கேள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். உனக்கு அந்த நாள் வரும், எனக்குச் சந்தேகமில்லை.

நாக்கு எழவில்லை என்று மேலே எழுதிவிட்டேன். அந்தக் கூச்சத்தை உனக்குக் கொடுத்தவன் நான்தான். விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் ஆடிவிட்டு, ஏஜென்ட் கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்ததை, சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டைப் பாடிய வாயால் காசு கேட்பதா என்று உன் முன்னால் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பேன். அந்த ஆண்டுகளில் உன் பள்ளிக் கட்டணத்தை அம்மாவின் தையல் மெஷின்தான் கட்டியது.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. உனக்கு 13 வயதில் அந்த நகைக்கடை விளம்பரத்துக்குப் படம் எடுத்தார்கள் அல்லவா? 3,000 ரூபாய் கொடுத்து இரண்டு பக்கத் தாளை நீட்டினார்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஆறு வருடம் காலண்டரிலும் பேருந்தின் முதுகிலும் உன் முகம் இருந்தது. இதற்கெல்லாம் காசு தரமாட்டார்களா என்று பத்தாம் வகுப்பில் நீ கேட்டாய். மறுநாள் போய்க் கேட்டேன். எல்லா ஊடகங்களிலும் கால வரையறையின்றிப் பயன்படுத்தலாம் என்ற வரியையும் அதன் கீழே இருந்த என் கையெழுத்தையும் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து, கடை பூட்டியிருந்தது என்று உன்னிடம் பொய் சொன்னேன். இன்றுவரை அதை நான் திருத்தவில்லை. அந்தத் தாளின் நகல்கூட என்னிடம் கிடையாது. காலண்டர் மட்டும் பரணில் இருக்கிறது.

இந்த ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பு. சுப்பையா மாமாவை உட்காரவைத்து வரிவரியாகப் படித்துவிடுகிறேன். அதுவரை மேனேஜரிடம், அப்பா பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்கிறார் என்று சொல்லிவிடு. என்னைக் கெடுபிடிக்காரன் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

வளையல்கள் எங்கே என்று நான் கேட்கப் போவதில்லை. ரசீது இருந்தால் அதையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பு. வட்டி தேதி தவறக் கூடாது. அம்மாவுக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா