இரண்டு இரவுக் காத்திருப்பு

மயிலாடுதுறை
23.6.2007

அன்புள்ள கயல்,

நலம். நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் நலமா? குழந்தைக்குக் காதுவலி குறைந்ததா என்று முதல் வரியிலேயே கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டுவிட்டேன்.

கண் எரிச்சலோடு எழுதுகிறேன். நேற்றுப் பின்னிரவு 1.19 மணிக்கு அமெரிக்காவின் விண்வெளி ஓடம் அட்லாண்டிஸ் தரையிறங்கியது. 195 நாள் விண்வெளியில் இருந்த சுனிதா வில்லியம்ஸ் வந்து சேர்ந்துவிட்டார். அதைப் பார்க்க நானும் அம்மாவும் இரண்டு இரவு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். சேனல்காரர்கள் பூஜையையும் யாகத்தையும் காட்டிய நேரத்தில் பாதியை வானிலைக்குக் கொடுத்திருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை இரவே வரவேண்டியவர்கள். ஃபுளோரிடாவில் தாழ்ந்த மேகம், மழை. ஓடுபாதையைச் சுற்றி ஏறக்குறைய 55 கிலோமீட்டருக்குள் மழை இருக்கக் கூடாதாம். மேகம் 8,000 அடிக்குக் கீழே அடர்ந்து நிற்கக் கூடாதாம். ஒரு சுற்று பார்த்தார்கள், இன்னொரு சுற்று பார்த்தார்கள், அன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். "இவ்வளவு பெரிய கப்பலுக்கு மழைத் தூறலா பயம்?" என்றாள் அம்மா. அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் 20,000க்கு மேற்பட்ட ஓடுகள் ஆயிரம் டிகிரிக்கு மேலான சூட்டைத் தாங்கும். ஆனால் அந்த வேகத்தில் மழைத்துளி பட்டால் சேதமாகிவிடும். எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

இந்தப் பயணத்திலேயே, பின்பக்கத்தில் வெப்பத்தைத் தடுக்கும் போர்வை ஒன்றின் ஓரம் கிளம்பி நின்றது. ஒருவர் வெளியே போய், மருத்துவப் பெட்டியிலிருந்த ஸ்டேப்ளரால் அதைத் தைத்துவிட்டு வந்தார். கிழிந்த தலையணை உறை போல! அதற்காகவே பயணத்தை இரண்டு நாள் நீட்டினார்கள்.

இறங்கும்போது அதற்கு எஞ்சின் பலம் கிடையாது, கயல். உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கும்போதே வேகத்தைக் குறைக்க இரண்டு மூன்று நிமிடம் ராக்கெட்டை எரிப்பார்கள். அதன் பிறகு வெறும் மிதப்புதான். ஓடுபாதை மேல் மேகம் மூடியிருக்கிறதே என்று திரும்பி இன்னொரு வட்டம் அடிக்க முடியாது. என் ரயில்வே பாஷையில் சொன்னால், வண்டி போகலாம் என்ற டோக்கனை டிரைவர் கையில் கொடுத்தாகிவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஸ்டேஷனில் உட்கார்ந்து, வண்டிகளுக்குப் பாதை திறந்துவிடும் லைன் கிளியர் கொடுத்தவனுக்கு அந்த ஒரு கணம் எப்படி இருக்கும் என்று தெரியும். 'இறங்கலாம்' என்று சொல்பவர் ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இறங்கப்போகிறவர்கள் ஏழு பேர்.

1977 நவம்பர் புயலில் நான் ஒரு பாசஞ்சர் வண்டியை விடாமல் நிறுத்தி வைத்தது உனக்குத் தெரியாது. நீ அப்போது பிறக்கவில்லை. அடுத்த ஸ்டேஷனிலிருந்து பதில் இல்லை. ஆறு மணி நேரம். பிரயாணிகள் என் அறைக் கதவைத் தட்டித் திட்டாத திட்டில்லை. விடிந்து பார்த்தால் பாதையில் ஒரு கிளைகூட விழுந்திருக்கவில்லை. அத்தனை பேருடைய இரவும் வீண். அதே இரவு திரும்ப வந்தாலும் அந்த வண்டியை விடமாட்டேன்.

2003 பிப்ரவரி முதல் தேதி நினைவிருக்கிறதா? நீயும் வீட்டில்தான் இருந்தாய். அன்று ஃபுளோரிடாவில் காலை மூடுபனி விலகி, இறங்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். புறப்பட்டபோது நுரைத்துண்டு மோதிய இறக்கையில்தான் ஆபத்து காத்திருந்தது. கொலம்பியா ஓடம் வானிலேயே சிதறியபோது தரையைத் தொட 16 நிமிடம் இருந்தது. கல்பனா சாவ்லாவின் படத்தை டி.வி.யில் காட்டக் காட்ட அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நேற்றும் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நேற்றும் ஃபுளோரிடா சரிப்படவில்லை. கடைசியில் கலிஃபோர்னியா பாலைவனத்தில், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குத் திருப்பினார்கள். அங்கே நடுப்பகல், பளிச்சென்ற வெயில். இனி அதை ஒரு போயிங் 747 முதுகில் ஏற்றித்தான் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை செலவு! சக்கரம் தரையைத் தொட்டு, பின்னால் பாராசூட் விரிந்ததும் அம்மா, "எங்கே இறங்கினால் என்ன" என்று எழுந்து விளக்கேற்றப் போனாள். ராத்திரி ஒன்றரை மணிக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், குழந்தையின் காதில் சீழ், விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார், ஜூலை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டோம் என்றாய். நான் "சரி" என்று மட்டும் சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் 'சரி' சரியில்லை. கதவைத் தட்டித் திட்டிய அந்தப் பிரயாணிகளைப் போலத்தான் நடந்துகொண்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

மாவடு ஜாடியை அம்மா இன்னும் திறக்கவில்லை. செப்டம்பரோ தையோ, டாக்டர் சொன்ன பிறகு தேதியை எழுது. மீனம்பாக்கத்துக்கே வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா