நாகைக்கு எதிரே ஒரு மத்தியானம்

கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து கடற்கரை வரை நடந்துபோய் வருகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. தேதி முடிவானதும் போன் செய்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நீ கட்டாயம் வரவேண்டும்.

ஓய்வு பெற்றதிலிருந்து பாய்க்கப்பல் காலத்துச் சண்டைகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டிரஃபால்கர், நெல்சன் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. ஆனால் 1782-லும் 1783-லும் பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஐந்து முறை மோதியிருக்கிறார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியில் எங்கள் கடலூர். மூன்றாவது சண்டை உன் ஊருக்கு எதிரே நடந்தது, 1782 ஜூலை 6 அன்று. இதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அதற்கு முந்தைய நவம்பரில்தான் நாகையை டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். சுஃப்ரனுக்கு அதன்மேல் கண். இரண்டு பக்கமும் பதினொரு பெரிய கப்பல்கள். பீரங்கிகள் கப்பலின் விலாவில் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, எதிரிக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே சுடுவார்கள். அன்று தென்மேற்குக் காற்று. காற்று வரும் பக்கம் ஹியூஸ் கையில் இருந்தது. எப்போது நெருங்குவது என்று தீர்மானிக்கிறவன் அவன்தான் என்று அர்த்தம். பதினொரு மணிவாக்கில் சண்டை தொடங்கியது.

மத்தியானம் ஒரு மணி இருக்கும், காற்று சட்டென்று திரும்பித் தென்கிழக்கிலிருந்து அடித்தது. சேகர், அது என்ன காற்று என்று உனக்குச் சொல்லவேண்டுமா? கல்லூரி விடுமுறையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் சட்டையைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்து, எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருப்போமே, அதே கடல்காற்று! அது முன்பக்கமாக வந்து அடித்ததும் பாய்கள் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டன. முன்னே போய்க்கொண்டிருந்த கப்பல் நின்றது, பின்னால் நகர்ந்தது, ஒன்று இந்தப் பக்கம் திரும்பினால் இன்னொன்று அந்தப் பக்கம். இரண்டு வரிசையும் குலைந்து, யார் எங்கே என்று தெரியாத கலவரம். பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் கேப்டன் பயந்துபோய்க் கொடியை இறக்கிவிட்டார்; கீழ் அதிகாரிகள் ஒத்துக்கொள்ளாமல் மறுபடி ஏற்றிச் சுட்டார்கள். அந்தக் கப்பல் சரணடைந்துவிட்டது, ஒப்படையுங்கள் என்று ஹியூஸ் அப்புறம் ஆள் அனுப்பிக் கேட்டார். கொடிக்கயிறுதான் அறுந்தது என்று சுஃப்ரன் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆங்கிலேயர் பக்கம் 77 பேர் செத்தார்கள். பிரெஞ்சுப் பக்கம் 178. காயம்பட்டவர்கள் இதைப்போல் மூன்று மடங்கு. ஒரு கப்பல்கூடப் பிடிபடவில்லை. சாயங்காலம் ஆங்கிலேயர் நாகைக்கும் நாகூருக்கும் நடுவே நங்கூரம் போட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலில். பஸ்ஸில் நாம் எத்தனை தடவை போய்வந்த தூரம்!

எனக்கு மனசில் நிற்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். நம் கரையில் அன்றைக்குக் கப்பல் ஒதுங்க இடம் கிடையாது, திறந்த கடல்தான். முறிந்த பாய்மரத்தை எங்கே போய் மாற்றுவது? சுஃப்ரன் கடலூருக்கு வந்து, சின்னக் கப்பல்களைப் பிரித்து அவற்றின் மரங்களைப் பெரிய கப்பல்களில் நட்டார். ஹைதர் அலி இங்கேயே வந்து அவரைச் சந்தித்தார். மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் முதல் தேதி, சுஃப்ரன் மறுபடி கடலுக்குள் போய்விட்டார். ஹியூஸ் நாகையில் இரண்டு வாரம் செலவழித்து, மெதுவாக மதராஸ் போய்ச் சேர்ந்தார். அந்த இடைவெளியில் திருகோணமலைத் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று.

அதற்காக ஹியூஸைச் சோம்பேறி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுஃப்ரனின் கேப்டன்களில் பாதிப்பேர் அவர் சொன்னதைச் செய்யவில்லை; நாகைச் சண்டைக்குப் பிறகு சிலரை அவரே பதவியிலிருந்து நீக்கினார். ஹியூஸின் கேப்டன்கள் வரிசை கலைந்தபோதும் தலைவரை விட்டு விலகவில்லை. ஐந்து சண்டையிலும் ஒரு கப்பலைக்கூட அவர் எதிரியிடம் விடவில்லை.

கடலூர்ச் சண்டையை நினைத்தால்தான் தாங்கவில்லை. 1783 ஜூன் 20. பதினைந்து கப்பலோடு சுஃப்ரன், பதினெட்டோடு ஹியூஸ். காய்கறி, பழம் கிடைக்காமல் வரும் ஸ்கர்வி நோயில் படுத்த மாலுமிகள் ஹியூஸின் கப்பல்களில் நூற்றுக்கணக்கில். ஆனால் ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதான ஒப்பந்தத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டாகிவிட்டது! சண்டை முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் செய்தி இங்கே வந்து சேர்ந்தது. நேற்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. கால் ஒத்துழைத்தால் இந்த ஜூலை 6 மத்தியானம் பன்னிரண்டரைக்குக் குடையோடு கடற்கரைக்குப் போ. காற்று எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ராஜாராமன்